கடல் இல்லாத ஊரில் கடல் படிப்பு!

கடத்தூரில் கடல் இல்லை. ஊர்ப் பெயரில் "கட" மட்டும் இருக்கிறது. "ல்" இல்லை!

தர்மபுரி மாவட்டத்து ஊர் அது. அந்தப் பக்கத்தில் மரவள்ளிக் கிழங்கு உண்டு. மாந்தோப்பு உண்டு. புளிய மரம் உண்டு. அலையைப் பார்க்க வேண்டும் என்றால் கிழக்கே ஒரு பகல் பொழுது பயணம் போக வேண்டும்.

அந்த ஊரில், பிளஸ்-2 முடித்த ஒரு பெண் வீட்டுக்கு வந்து, "அப்பா, நான் கடல் உயிரியல் படிக்கப் போகிறேன்" என்று சொன்னால் என்ன நடக்கும்?

"ஏன் கண்ணு, கிணற்றில் இறங்கவே பயப்படுவாய். கடலில் இறங்கி என்ன செய்வாய்?" என்று அப்பா கேட்பார். "மீன் பிடிக்கவும் காலேஜா?" என்று ஆயா சிரிப்பார். "நர்சுக்குப் படிக்கட்டும். உடனே வேலை" என்பார் மாமா. பேச்சு அத்துடன் முடிந்து போகும்.

அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. காசு போடுகிறவர் கேட்கத்தானே செய்வார்? ஆனால், பதில் தெரியாமலே "வேண்டாம்" என்று சொல்லி விடுகிறார்களே, அதுதான் தவறு.

சேறும் சல்லடையும்

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். டெலிவிஷனில் காட்டுகிறார்களே, முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு, வண்ண மீன்களோடு நீந்துவது, அது இந்தப் படிப்பில் ஒரு சிறு பகுதி. நீச்சல் தெரிந்தால் நல்லது. ஆனால் பெரும்பாலான வேலை மேஜைக்கு முன்னால்தான்.

மாணவர்கள் படகில் போவார்கள். மெல்லிய துணியால் ஆன, கூம்பு போன்ற வலை ஒன்றைத் தண்ணீரில் இழுத்து வருவார்கள். வலையின் நுனியில் ஒரு பாட்டில் இருக்கும். கரைக்கு வந்து பார்த்தால், பாட்டிலில் இருப்பது கலங்கிய தண்ணீர் போலத்தான் தோன்றும்.

அதில் ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால், அடடா! கண்ணாடிப் பெட்டி போன்ற ஓடு உடைய பாசிகள். துள்ளி ஓடும் பூச்சிகள். நண்டின் குஞ்சு! அதற்கு நண்டின் சாயலே இருக்காது. தலையில் ஒரு நீண்ட முள், பெரிய கண்கள், பின்னால் ஒரு வால். இதை வேறு ஏதோ ஒரு பிராணி என்றே முற்காலத்து விஞ்ஞானிகள் நினைத்திருந்தார்கள்.

மாணவர் இவற்றை எண்ண வேண்டும். ஒவ்வொன்றாக, இனம் பிரித்து எண்ண வேண்டும். மறுநாளும் எண்ண வேண்டும். பிறகு சேற்றை அள்ளிச் சல்லடையில் போட்டு அலசி, புழுக்களைப் பொறுக்க வேண்டும். முழங்கால் வரை சேறு. மூக்கைத் துளைக்கும் நாற்றம். பொறுமை இல்லாதவருக்கு இந்தப் படிப்பு ஆகாது.

எண்ணி என்ன பயன்? நாம் மூச்சு விடும் பிராண வாயுவில், சுமார் பாதியைக் கடலில் வாழும் இந்த நுண்ணிய பாசிகளைப் போன்றவையே உண்டாக்குகின்றன என்று விஞ்ஞானிகள் கணக்கிடுகிறார்கள். கடத்தூர்க்காரர் விடும் மூச்சிலும் கடலுக்குப் பங்கு உண்டு!

வெள்ளாற்றங்கரையில்

இந்தப் படிப்புக்குத் தமிழ்நாட்டிலேயே பெயர் பெற்ற இடம் ஒன்று உண்டு. சிதம்பரத்துக்குப் பக்கத்தில் உள்ள பரங்கிப்பேட்டை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம், அங்கே வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது. அதை உருவாக்கியவர் பேராசிரியர் ஆர்.வி.சேஷய்யா.

இடத்தைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். ஆற்று நீரில் அப்படி இல்லை. இரண்டும் கலக்கும் முகத்துவாரத்தில், கோடையில் ஏறக்குறைய கடலளவு உப்பு. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆற்று வெள்ளம் வந்தால் உப்பு வெகுவாகக் குறைந்து விடும். கடலில் பிறக்கும் வெள்ளை இறால் குஞ்சுகள் இந்த முகத்துவாரத்துக்கு வந்து வளர்ந்து, மறுபடி கடலுக்குத் திரும்புகின்றன. பக்கத்திலேயே பிச்சாவரத்துச் சதுப்பு நிலக் காடு. மாணவருக்கு வேறு என்ன வேண்டும்?

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந்தேதி சுனாமி வந்தது. பரங்கிப்பேட்டை விஞ்ஞானிகளான கதிரேசனும் ராஜேந்திரனும் அந்தக் கரையில் இருந்த 18 மீனவக் குக்கிராமங்களின் நிலையை ஆராய்ந்தார்கள். மரக்காடு காத்து நின்ற இடங்களிலும், மேடான இடங்களிலும் உயிர்ச்சேதம் குறைவு என்று 2005-ல் எழுதினார்கள். காப்பாற்றியது மரமா, மேடா, தூரமா என்று பிறகு விஞ்ஞானிகளுக்குள் வாதம் நடந்தது. நடக்கட்டும்! வாதம் செய்யவும் யாராவது அங்கே போய் அளந்திருக்க வேண்டும் அல்லவா?

மீன் விலையும் மீன் முட்டையும்

இன்னொரு சங்கதி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்த நாட்களில் கடல் மீன் விலை ஏறுகிறது என்று தர்மபுரிச் சந்தையிலும் முணுமுணுப்பு கேட்கும். மீன்கள் இனம் பெருக்கட்டும் என்பதற்காகத்தான் இந்தத் தடை.

எந்த மாதத்தில் எந்த மீன் முட்டை இடும் என்று எப்படித் தெரியும்? மாதா மாதம் மீனின் வயிற்றைக் கீறி, சினைப்பையைப் பார்த்துக் குறித்து வைக்கிறார்கள். மீனின் வயதைக் கூடக் கண்டுபிடிக்கிறார்கள். மீனின் தலைக்குள் காதுக்கல் என்று ஒரு சிறு கல் உண்டு. அடிமரத்தில் வளையம் தெரிவது போல அதிலும் வளையங்கள் தெரியும். கடல் உயிரியல் என்பது இப்படிக் குழம்புச் சட்டி வரை வருகிற படிப்பு.

கடத்தூருக்கும் கடலுக்கும் சம்பந்தம் இல்லை என்பதும் சரியல்ல. பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் ஓடும் வாணியாறு தென்பெண்ணையில் சேருகிறது. தென்பெண்ணை கடலூரில் கடலில் விழுகிறது. மழைக் காலத்தில் இங்கே ஆற்றில் வீசிய பிளாஸ்டிக் பை, வழியில் சிக்காமல் போனால், அங்கே மீனுக்கு முன்னால் போய் நிற்கும்.

22 வயதில் பார்த்த கடல்

உள்நாட்டுப் பிள்ளைக்கு இது ஒத்து வருமா? அமெரிக்காவில் ரேச்சல் கார்சன் என்ற பெண் 1907-ல் பிறந்தாள். ஊர் பென்சில்வேனியா மாகாணத்தில், கடலுக்கு வெகு தூரம். வசதி இல்லாத குடும்பம். புத்தகத்தில்தான் கடலைப் படித்தாள். 1929-ல், தன் 22-வது வயதில், உட்ஸ் ஹோல் என்ற இடத்துக் கடல் ஆராய்ச்சிச் சாலைக்குப் போனபோதுதான் முதன்முதலாகக் கடலைக் கண்ணால் பார்த்தாள்!

1932-ல் விலங்கியலில் எம்.ஏ. பட்டம். பிறகு அரசாங்க மீன் இலாகாவில் உத்தியோகம். 1951-ல் அவர் கடலைப் பற்றி எழுதிய புத்தகம் உலகப் புகழ் பெற்றது. பூச்சி மருந்துகளின் தீமையை 1962-ல் உலகுக்கு எடுத்துச் சொன்னவரும் அவரே.

வேலை கிடைக்குமா?

அப்பாவின் கேள்விக்கு ஒளிவு மறைவு இல்லாமல் பதில் சொல்ல வேண்டும். பட்டம் வாங்கியதும் வேலை தேடி வராது. எம்.எஸ்சி. மட்டும் படித்தவருக்கு இறால் குஞ்சுப் பண்ணை, மீன் வளர்ப்பு, சுற்றுச்சூழல் ஆய்வுக் கம்பெனி போன்ற இடங்களில் வேலை உண்டு. சம்பளம் ஆரம்பத்தில் பெரிதாக இராது. விஞ்ஞானி ஆக வேண்டுமானால் டாக்டர் பட்டம் வேண்டும். அதற்கு மேலும் பல வருஷங்கள் ஆகும். அத்தனை வருஷம் பொறுக்க முடியாத குடும்பங்களும் உண்டு. அவர்கள் மேல் குற்றம் இல்லை.

அப்படிப்பட்டவர்களுக்கு மீன்வளப் படிப்பு உண்டு. தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி 1977-ல் தொடங்கியது. படிப்பு நாலு வருஷம். அதன் பட்டதாரிகள் மீன்வளத்துறை உத்தியோகத்துக்கும் முயலலாம்.

கடல் உயிரியலே வேண்டும் என்பவர், முதலில் பக்கத்து நகரத்துக் கல்லூரியில் விலங்கியல் பி.எஸ்சி. படிக்கலாம். மூன்று வருஷத்தில் மனம் மாறினாலும் நஷ்டம் இல்லை. ஆசிரியர் வேலைக்காவது போகலாம்.

ஒரு காரியத்தைப் பள்ளிக்கூடங்கள் செய்யலாம். வருஷம் தவறாமல் உல்லாசப் பயணம் போகிறார்கள். ராட்டினம் ஏறிவிட்டுத் திரும்புகிறார்கள். ஒரு வருஷமாவது தர்மபுரி மாவட்டத்துப் பிள்ளைகளை, அனுமதி பெற்று, பரங்கிப்பேட்டைக்கு அழைத்துப் போகட்டும். அந்த ஒரு சொட்டுத் தண்ணீரை மைக்ராஸ்கோப்பில் பார்க்கட்டும். முகம் சுளிக்கும் பிள்ளை எது, நகர மாட்டேன் என்று நிற்கும் பிள்ளை எது என்று அங்கேயே தெரிந்து விடும்.

பெற்றோரும் கூடப் போகலாம். பொம்மிடியில் ரெயில் ஏறினால் சேலம். சேலத்திலிருந்து விருத்தாசலம் வழியாகக் கடலூர். அங்கிருந்து சிதம்பரம் போகும் பாதையில் பரங்கிப்பேட்டை.