கடல் கொண்டது என்று சொன்னது யார்?

பூம்புகாருக்குப் போகிறவர்கள் கடலைப் பார்க்கிறார்கள், சிலப்பதிகாரக் கலைக்கூடத்தைப் பார்க்கிறார்கள், மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறுகிறார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வேன் வைத்துக் கூட்டிவரும் வாத்தியார்களும் இதைத்தான் காட்டுகிறார்கள். சோழன் தலைநகரம், யவனர் வந்திறங்கிய துறைமுகம், கண்ணகி பிறந்த ஊர். 'மத்ததெல்லாம் கடல் கொண்டு போயிடுச்சு' என்று முடித்துவிடுவார்கள். நானும் எட்டாம் வகுப்பில் அப்படித்தான் பார்த்துவிட்டு வந்தேன்.

கடல் கொண்டு போகாத ஒன்று அங்கே தரைமேல் கிடக்கிறது. பல்லவனீச்சரம் சிவன் கோயில் இருக்கும் பகுதியில், 1960களில் மத்தியத் தொல்லியல் துறை தோண்டியெடுத்த பௌத்த விகாரை. வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள், முன்னால் பொதுத் தாழ்வாரம், எல்லாம் செங்கல். சுண்ணாம்புக்கல்லில் செதுக்கிய புத்தபாதமும், தியானத்தில் உட்கார்ந்த சிறிய வெண்கலப் புத்தரும் அங்கே கிடைத்தன. கி.பி. 4, 5ஆம் நூற்றாண்டு என்று காலம் சொல்கிறார்கள். பாலி மொழியில் 'அபிதம்மாவதாரம்' எழுதிய புத்ததத்தர் இந்தக் காவிரிப்பட்டினத்து விகாரை ஒன்றில் தங்கித்தான் அதை எழுதினார். இலங்கையிலும் பர்மாவிலும் பிக்குகள் இன்றும் படிக்கிற நூல் அது. எழுதப்பட்ட ஊரில் அதன் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

போன முறை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். முப்பது வருஷம் சூளையில் செங்கல் அறுத்தவள். முன்பணம் வாங்கின சூளைக்காரனுக்கு உழைத்தே முதுகு கூனிப் போனவள். கோயில் பார்க்கப் போகிறோம் என்று நினைத்துத் தலைக்குக் குளித்து, பூ வைத்துக்கொண்டு வந்திருந்தாள். இடிந்த சுவரைப் பார்த்ததும், 'என்னடா தம்பி, மொட்டையா கெடக்கு' என்றாள். அப்புறம் குனிந்து ஒரு கல்லைத் தடவினாள்.

'நல்லா வெந்த கல்லுடா. பாரு, எவ்ளோ பெரிய அச்சு. ஒரு ஆளு ஒரு நாளைக்கு எத்தன அறுத்திருப்பான்?'

காவலுக்கு இருந்தவர் ஓடி வந்தார். 'கல்லத் தொடாதீங்கம்மா.'

'தொடாம எப்படிய்யா அறுத்தாங்க?' என்றாள் அம்மா.

அவர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஊர்ப் பெயரைப் பாருங்கள். விகாரை கிடைத்த இடத்துக்கு விகாரையின் பெயர் இல்லை. பல்லவன் கட்டிய ஈச்சரத்தின் பெயர்தான் இருக்கிறது. அந்தப் பல்லவனீச்சரத்தைப் பாடியவர் திருஞானசம்பந்தர். பக்கத்துச் சீர்காழிக்காரர், 7ஆம் நூற்றாண்டு. அவருடைய பதிகங்களில் பத்தாம் பாட்டு எதற்கென்று தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும். சமணரையும் பௌத்தரையும் ஏசுவதற்கென்றே ஒதுக்கிய பாட்டு அது. ஊருக்கு ஊர், கோயிலுக்குக் கோயில், தவறாமல் ஏச்சு. இதற்குப் பெயர் பக்தி இலக்கியம். நாம் ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னால் அதற்குப் பெயர் துவேஷம்.

ஏச்சோடு நின்றதா? பெரியபுராணத்தைத் திறந்து பாருங்கள். போதிமங்கையில் வாதுக்கு வந்த புத்தநந்தியின் தலை, சம்பந்தரின் அடியார் பதிகம் ஓதியதும் உருண்டு விழுகிறது. சேக்கிழார் இதை மறைக்கவில்லை, அருள் என்று பாடுகிறார். வைணவர்களின் குருபரம்பரைக் கதையில் திருமங்கையாழ்வார் நாகப்பட்டினத்து விகாரையிலிருந்து பொன் புத்தரைத் திருடி உருக்கி, திருவரங்கத்து மதிலுக்குச் செலவழிக்கிறார். அதுவும் தொண்டுதான். இவை நடந்தனவா, கதையா என்று என்னோடு தர்க்கத்துக்கு வராதீர்கள். கதையாகவே இருக்கட்டும். ஒருத்தன் தலை விழுந்ததை, ஒருத்தன் சாமியைத் திருடியதைப் புண்ணியம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தது எந்தச் சமூகம் என்பதுதான் என் கேள்வி.

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனால் நாகப்பட்டினத்துப் புத்தர்களைப் பார்க்கலாம். 1856 முதல் 1930கள் வரை அந்த ஊர் மண்ணுக்கடியிலிருந்து சுமார் 350 பௌத்தச் செப்புச் சிலைகள் எடுத்தார்கள். அழகென்றால் அப்படி ஓர் அழகு. ஆனால் எந்த அருங்காட்சியகத்திலும் ஒரே மாதிரி பேச்சுதான்: 'கண்டெடுக்கப்பட்டது', 'வீழ்ச்சியுற்றது', 'மறைந்தது'. செய்தவன் பெயரே இல்லாத வினைச்சொற்கள். மறைந்தது என்றால் தானாகவா மறைந்தது? இத்தனை சிலையை மண்ணுக்குள் வைத்தவன் யாருக்குப் பயந்து வைத்தான்? நாகப்பட்டினத்தில் கடைசிவரை நின்ற பௌத்தச் செங்கல் கோபுரத்தை 1867இல் வெள்ளை அரசாங்கத்தின் அனுமதியோடு இடித்தவர்கள் ஏசுசபைப் பாதிரிமார்கள். அதையும் காலம் இடித்தது என்று எழுதிவிடலாமா?

பூம்புகாரில் இந்த வேலையைக் கடல் செய்கிறது. 'கடல் கொண்டது' என்று சொன்னால் போதும், யாரும் யாரையும் கேட்க வேண்டாம். இந்திர விழா எடுக்காததால் கடல் கொண்டது என்று மணிமேகலையே சொல்கிறதே என்பார்கள். சரி. ஆனால் விகாரை கடலுக்குள் இல்லை, தரையில் இருக்கிறது. அதை மூடியது அலை இல்லை, மண். புத்ததத்தரை ஆதரித்த அச்சுதவிக்கந்தன் களப்பிர அரசன் என்கிறார்கள் ஆராய்ச்சிக்காரர்கள். அந்தக் களப்பிரர் காலத்துக்கு நம் பாடப்புத்தகம் வைத்த பெயர் 'இருண்ட காலம்'. பார்ப்பனர் அனுபவித்த பிரமதேய நிலத்தைக் களப்பிரர் பறித்தார்கள் என்று வேள்விக்குடிச் செப்பேடு அழுகிறது. எவன் வீட்டு விளக்கு அணைந்தது, எவனுக்கு இருட்டு என்பதை அதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

இனி கலைக்கூடத்துக்கு வருகிறேன். 1973இல் கட்டியது. ஏழு நிலை மாடம், உள்ளே கல்லில் செதுக்கிய கண்ணகி கதை. அரசனிடம் நீதி கேட்ட ஒரு பெண்ணின் கதைக்கு மாடம் எழுப்பியது நல்ல காரியம்தான். ஆனால் அதற்கு ஐந்து வருஷம் முன்னால், 1968 டிசம்பர் 25 இரவு, இதே பழைய தஞ்சாவூர் மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். பெண்கள், குழந்தைகள், கிழவர்கள். கீழ்க்கோர்ட்டில் தண்டனை பெற்ற மிராசுதாரர்களை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. சிலம்பை உடைத்துக் காட்டினால் ராஜா செத்துவிழுவது காப்பியத்தில்தான். வெண்மணிக்காரர்கள் எதை உடைத்துக் காட்டுவது?

கண்ணகிக்கு மாடம் இருக்கிறது. மாதவி மகள் மணிமேகலைக்கு அப்படி ஒரு மாடம் ஏன் இல்லை? தமிழர் பெருமை பேசுகிறவர்களுக்கு அவள் கதை தொண்டையில் சிக்குகிறது. கணிகை வீட்டுப் பெண். ராஜகுமாரன் துரத்தியும் மசியாதவள். கையில் அமுதசுரபி. அவள் அந்த நகரத்து ராஜாவிடம் கேட்டது ஒன்றே ஒன்று: சிறைச்சாலையை இடித்து அறச்சாலை ஆக்கு. அந்தப் பாத்திரத்தை அவளுக்கு முன்னால் வைத்திருந்த ஆபுத்திரன் கதை இன்னும் காரம். யாகத்துக்குக் கட்டியிருந்த பசுவை அவிழ்த்து ஓட்டிப் போனதற்கு வேதியர்கள் அடித்து, பிறப்பைச் சொல்லி, புலையன் என்று ஏசித் துரத்துகிறார்கள். அவன் பணியவில்லை. உங்கள் ரிஷிகளெல்லாம் எந்த வயிற்றில் பிறந்தார்கள் என்று பட்டியல் போட்டுத் திருப்பிக் கேட்கிறான். இந்தப் பகுதியைப் பள்ளிக்கூடத்தில் யாராவது உங்களுக்கு நடத்தினார்களா? எனக்கு நடத்தவில்லை.

இதுவரை படித்துவிட்டுக் கை தட்டுகிற தோழர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பௌத்தம் நம்முடையது, ஆகவே நாம் இந்த மண்ணை ஆண்டவர்கள் என்று நம் மேடைகளிலும் பேசுகிறோம். அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் இலங்கை போய்ப் பஞ்சசீலம் ஏற்று வந்து சாக்கிய பௌத்த சங்கம் வைத்தார். உ.வே.சாமிநாதையர் மணிமேகலையை அச்சில் கொண்டுவந்ததும் அதே 1898தான். ஒருவர் ஏட்டைப் பதிப்பித்தார், இன்னொருவர் அந்த மதத்தை வாழவைக்கப் பார்த்தார். ஏட்டுக்காரரைக் கொண்டாடிய தமிழ் உலகம் பண்டிதரை எண்பது, தொண்ணூறு வருஷம் மறந்து கிடந்தது. தீண்டப்படாதார் பௌத்தத்தை விடாததால் ஒதுக்கப்பட்டவர்கள் என்று அம்பேத்கர் 1948இல் எழுதினார். இதெல்லாம் நமக்கு ஆயுதம். ஆனால் 'ஆண்ட பரம்பரை' என்பது நம் ஆயுதம் இல்லை. அது ஒவ்வொரு ஆதிக்கச் சாதியும் தன் போர்டில் எழுதி வைத்திருக்கிற வாசகம். அதைக் கடன் வாங்கி நம் தெருவில் மாட்டினால் நாமும் கீழே ஒருத்தனைத் தேட ஆரம்பிப்போம்.

பழைய புகாரும் சொர்க்கம் இல்லை. மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டத்துக் காதையை ஒருமுறை படியுங்கள். பௌத்தக் காப்பியம்தான். அதில் வரும் புகார்ச் சுடுகாட்டில் செத்தவர்களுக்குச் செங்கல்லால் உயரமான கோட்டங்கள் எழுப்பியிருக்கிறார்கள், நான்கு வருணத்துக்கும் வேறு வேறாக. செத்த பிறகும் பிரிவு! அம்மா தடவிய கல்லைப் போன்ற கல்தான் அதற்கும் போயிருக்கும். அதை அறுத்தவன் அந்த நான்கில் எங்கே படுத்தான்?

சோழர் எல்லா மதத்தையும் ஆதரித்தார்கள், நாகப்பட்டினத்து விகாரைக்கு ராஜராஜன் ஆனைமங்கலத்தையே எழுதிவைத்தான் என்று வாதாடுகிறவர்கள் உண்டு. கொடுத்தான். கட்டியவன் கடல் கடந்த ஸ்ரீவிஜய ராஜா, வியாபாரம் முக்கியம். அதே ராஜராஜனின் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளையும் படிக்க வேண்டும். பறைச்சேரி, தீண்டாச்சேரி, பறைச்சுடுகாடு என்று தனித்தனியாகக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். ஆயிரம் வருஷம். புத்தருக்கு ஊர் கொடுத்த கை எங்களுக்குத் தனிச் சுடுகாடு கொடுத்தது.

இதை நான் புத்தகத்திலிருந்து மட்டும் சொல்லவில்லை. அப்பா செத்தபோது ஐப்பசி அடைமழை. ஊர்த் தெரு வழியாகப் போனால் சுடுகாடு பக்கம். விடவில்லை. இடுப்பளவு தண்ணீரில், நட்ட வயல் வரப்பில், பாடையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு போனோம். ஒருமுறை கால் வழுக்கி அப்பா சேற்றில் விழுந்தார். சூளையில் மண் மிதித்த உடம்பு மறுபடியும் மண்ணுக்குள். அள்ளி எடுத்துப் போனோம். அன்றைக்கு ஊர்த் தெருவில் நின்று பார்த்தவர்கள் வீட்டுச் சுவரில் அப்பா அறுத்த கல் இருந்தது.

அன்று விகாரையிலிருந்து திரும்பும்போது டீக்கடையில் உட்கார்ந்தோம். கடைக்காரர் நல்லவிதமாகத்தான் பேசினார். எங்கிருந்து வருகிறோம், விகாரை பார்க்கவா வந்தோம் என்று ஆச்சரியப்பட்டார். அப்புறம் வந்தது. 'ஊர்ல எந்தத் தெரு?' நான் சொன்னேன். அதன் பிறகு அவர் பேசவில்லை. ஒரு கிலோமீட்டர் கூட இல்லை, சங்கத்தில் சாதி கேட்காத பிக்குகள் வரிசையாக அறை கட்டி வாழ்ந்த இடத்துக்கும் இந்தக் கேள்விக்கும்.

ஆகவே தோழர்களே, பூம்புகாருக்குப் போங்கள். கூட்டமாகப் போங்கள். கலைக்கூடத்தோடு திரும்பாமல் விகாரைக்குப் போங்கள். அங்கே இருப்பது பௌத்தர் கட்டடம், இந்த ஊரில் புத்ததத்தர் எழுதினார், இந்த ஊரின் கதைதான் மணிமேகலை, இந்த மதத்தைப் பகைத்து ஒழிக்க இந்த மண்ணில் பாடினார்கள் என்று எழுவாயோடு சேர்த்துத் தமிழில் எழுதி வைக்கச் சொல்லிக் கேளுங்கள். ராஜா யார் என்று தேடாதீர்கள். ராஜாவிடம் சிறையை இடிக்கச் சொன்னவள் பக்கம் நில்லுங்கள். அவள் பக்கம் நிற்பவனுக்கு இன்று முதல் வேலை சுடுகாட்டுப் பாதை. ஊருக்கு ஒரே சுடுகாடு, அதற்கு எல்லோருக்கும் ஒரே பாதை என்று கேட்காமல் புத்தர் சிலைக்கு மாலை போட்டுப் பிரயோஜனம் இல்லை.

எங்கள் தெரு இரவுப் பள்ளியில் இந்த மாசம் ஆபுத்திரன் கதை ஆரம்பித்திருக்கிறோம். அம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்கிறாள். பசுவை ஓட்டிப் போன இடத்தில் சந்தோஷப்பட்டாள். சக்கரவாளக் கோட்டம் வந்தபோது, 'அப்பவுமாடா?' என்று மட்டும் கேட்டாள். சுடுகாட்டுப் பாதைக்காக அடுத்த வாரம் தாலுகா ஆபீசுக்கு மனு கொண்டு போகிறோம். முதல் கைநாட்டு அவளுடையது.