பெரியாறு எத்தனை அடி என்று கேட்கத் தெரிந்த நாம்

கூடலூரிலோ உத்தமபாளையத்திலோ சின்னமனூரிலோ பிறந்த யாரிடமும் பெரியாறு அணையில் இன்று எத்தனை அடி தண்ணீர் என்று கேட்டுப் பாருங்கள். வயலே இல்லாதவர்கூட ஏறக்குறையச் சரியாகச் சொல்வார். 142 அடி வரை தேக்கலாம் என்று 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது, 104 அடிக்குக் கீழே போனால் சுரங்கம் வழியே நம் பக்கம் தண்ணீர் வராது, ஜூன் முதல் வாரம் திறந்தால்தான் 14,707 ஏக்கரில் முதல்போகம் காலத்தோடு நடக்கும். இதையெல்லாம் யாரும் பாடமாக நடத்தவில்லை. டீக்கடைப் பேச்சிலும் நாளிதழில் வரும் நீர்மட்டத்திலும் கேட்டுக் கேட்டுப் படிந்தது. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒன்றை நம்பித்தான் இந்தப் பக்கம் வாழ்கிறோம் என்பதைக் கம்பம் பள்ளத்தாக்கு ஒருநாளும் மறந்ததில்லை.

இந்த மண்ணிலிருந்து போய்க் கணினி முன் உட்கார்ந்த நாம் மறந்துவிட்டோம். தேனியில் பில்லிங் மென்பொருள் எழுதுகிறவர்கள், போடி ஏலக்காய் வியாபாரிகளுக்குக் கணக்கு மென்பொருள் செய்துகொடுப்பவர்கள், சென்னைக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறிப் போய்ப் பெரிய கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள், கல்லூரிகளில் இறுதியாண்டு புராஜெக்டுக்கு வழிகாட்டுபவர்கள் எல்லாரையும் சேர்த்துத்தான் நாம் என்கிறேன். நம் நிரல் எதையெல்லாம் நம்பி நிற்கிறது என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோரிடம் பதில் இல்லை. அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணமே வரவில்லை என்பதுதான் இன்னும் மோசம்.

வெளியார் எழுதியதைப் பிறகு பார்ப்போம். முதலில் நம் சொந்தப் புராஜெக்ட்களுக்கு இடையே நாம் செய்துவைத்திருப்பது. மொத்த பலசரக்குக் கடைக்கு ஒரு மென்பொருள் எழுதுகிறோம். அதில் வரி கணக்கிடும் பகுதி, ரசீது அச்சிடும் பகுதி, தொகையை எழுத்தால் எழுதும் பகுதி எல்லாம் இருக்கின்றன. அடுத்து ஒரு மருந்துக்கடை கேட்கிறது, அதற்கடுத்து ஒரு திராட்சை மண்டி. பொதுவான பகுதிகளைத் தனிப் புராஜெக்டாகப் பிரித்து, பதிப்பு எண் கொடுத்து, மற்ற மூன்றும் அதைச் சார்ந்திருக்கும்படி அமைத்திருக்க வேண்டும். நாம் ஃபோல்டரை அப்படியே காப்பி எடுத்தோம். காமன், காமன்_நியூ, காமன்_ஃபைனல் என்று பெயர் வைத்தோம். 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. நெய்யும் வெண்ணெயும் 12 சதவீதத்திலிருந்து 5க்கு இறங்கின, சோப்பும் ஷாம்பூவும் 18லிருந்து 5க்கு. ஒரு காப்பியில் திருத்தினோம், இன்னொன்றை மறந்தோம், மூன்றாவதில் வரி விகிதம் நிரலுக்கு நடுவிலேயே வெறும் எண்ணாகக் கிடந்தது. தப்பைக் கண்டுபிடித்தது ரசீதைக் கையில் வாங்கிப் பார்த்த வாடிக்கையாளர்.

தனியே பிரித்தவர்களும் உருப்படியாகச் செய்யவில்லை. மேவனில் ஸ்னாப்ஷாட் பதிப்பை வைத்தே வருடக்கணக்காக ஓட்டினோம். ஸ்னாப்ஷாட் என்றால் இன்னும் முடிவாகாத பதிப்பு, எப்போது வேண்டுமானாலும் மாறும். காலையில் சரியாக பில்ட் ஆனது மாலையில் உடையும். நாம் ஒரு வரிகூட மாற்றியிருக்க மாட்டோம். எக்லிப்ஸில் இந்தப் புராஜெக்ட் அந்தப் புராஜெக்டைப் பார்க்கட்டும் என்று ஒருவர் தன் கணினியில் மவுஸால் இணைத்துவைத்தார். அந்த அமைப்பு கிட்டுக்குள் ஏறவே இல்லை. எதை முதலில் பில்ட் செய்ய வேண்டும், எதை அடுத்து என்ற வரிசை அவர் மனசுக்குள் மட்டும் இருந்தது. அவர் வேலை மாறிப் போனார். அவர் இடத்துக்கு வந்த பெண் எதை எதோடு சேர்ப்பது என்று தெரியாமல் நாள்கணக்கில் தவித்தபோது, அவளுக்கு வேலை தெரியவில்லை என்று பேசினோம். அது நாம் செய்த அநியாயம்.

லாக் கோப்புக்குச் செய்தது இதைவிடச் சிறியதில்லை. என்பிஎம்மில் பதிப்பு எண்ணுக்கு முன்னால் கூரை போல ஒரு குறி வரும். 4.2.0க்கு முன் அது இருந்தால், 5.0.0க்குக் கீழே வருகிற புதுப் பதிப்பு எதுவானாலும் எடுத்துக்கொள் என்று நாம் அனுமதி கொடுத்திருக்கிறோம். அப்படி எடுத்துக்கொண்டது எது என்று துல்லியமாக எழுதிவைப்பது லாக் கோப்பு. இரண்டு பேர் வேலையை மெர்ஜ் செய்யும்போது அதில் மோதல் வந்தால், அதை அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் அடி என்று ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது நாம்தான். நாம் சோதித்துப் பார்த்த பதிப்புகள் எவை என்பதற்கு இருந்த ஒரே ஆதாரம் அதோடு போனது.

உலகம் நமக்குப் பல முறை சொல்லிப் பார்த்தது. 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற 11 வரி நிரலை எழுதியவர் அதை என்பிஎம்மிலிருந்து எடுத்தார், உலகமெங்கும் பில்டுகள் நின்றன. நாம் சிரித்துவிட்டுக் கடந்தோம். 2021 டிசம்பரில் லாக்4ஜே ஓட்டை வெளியே வந்தபோது சிரிக்க முடியவில்லை. ஜாவாவில் பதிவேடு எழுதும் சாதாரண நூலகம் அது. தாக்குபவர் அனுப்பும் ஒரு வரி அதன் பதிவேட்டுக்குள் போய்விட்டால், நம் சர்வரில் அவர் விரும்பும் நிரலை ஓட்ட முடியும் என்றார்கள். அபாய மதிப்பெண் பத்துக்குப் பத்து. மேலிடத்திலிருந்து வந்த கேள்வி ஒன்றுதான்: நம்மிடம் அது இருக்கிறதா? நாம் அதை நேரடியாகச் சேர்த்திருக்க மாட்டோம். நாம் சேர்த்த ஒன்று இன்னொன்றைச் சேர்த்திருக்கும், அது இதைச் சேர்த்திருக்கும். மேவனில் டிபெண்டன்சி மரத்தைக் காட்டச் சொல்லும் ஒரு கட்டளையை அன்றுதான் நம்மில் பலர் முதல்முறையாக அடித்தோம். அந்தப் பரபரப்பு அடங்கியதும் மறுபடி அடிக்கவில்லை.

என் மனசைப் பிசைவது எக்ஸ்இசட் கதை. கோப்புகளைச் சுருக்கும் கருவி அது, லினக்ஸ் ஓடும் இடமெல்லாம் இருக்கும். பல ஆண்டுகளாக அதைப் பராமரித்தவர் பின்லாந்துக்காரர் லாஸ்ஸே காலின், கிட்டத்தட்டத் தனியாளாக, சம்பளமில்லாமல். 2022இல் வேலை ஏன் இவ்வளவு மெதுவாக நடக்கிறது என்று அவரை நெருக்கினார்கள். தன் மனநலம் சரியில்லை, இது ஊதியமில்லாத பொழுதுபோக்கு வேலை என்று அவர் பதில் எழுதினார். அந்த நேரத்தில் உதவிக் கை நீட்டியது ஜியா டான் என்ற பெயரில் வந்த ஆள். பொறுமையாக நம்பிக்கையைச் சம்பாதித்து, 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள் கள்ளக் கதவு வைத்தது அதே ஆள். ஆண்ட்ரெஸ் ஃப்ராயின்ட் என்ற பொறியாளர், எஸ்எஸ்ஹெச் வழியே உள்ளே நுழைய அரை வினாடி கூடுதலாகிறதே என்று விடாமல் துருவியதால் 2024 மார்ச் 29 அன்று அது அம்பலமானது. அந்தக் கருவியைப் பயன்படுத்திய லட்சக்கணக்கானவர்களில் நாமும் உண்டு. காலினின் பெயர் நமக்கு அதற்கு முன் தெரியாது.

பெயர் தெரியாது என்று நம் ஊர்க்காரர் சொல்வது எவ்வளவு பெரிய குறை! 1895இல் பெரியாற்றுத் தண்ணீரை நம் பக்கம் திருப்பிவிட்ட பென்னிகுயிக்கின் பிறந்தநாளான ஜனவரி 15 அன்று இன்றும் பொங்கல் வைக்கிறார்கள். லோயர் கேம்பில் மணிமண்டபம் இருக்கிறது. வீட்டுச் சுவரில் அவர் படம், பிள்ளைக்கு அவர் பெயர். நமக்கு நிரல் தந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே நாம் ஒரு நன்றி வரி எழுதவில்லை.

அயல்நாட்டவரை விடுங்கள். ‘அம்மா’ என்ற சொல்லைப் பைத்தானிடம் கொடுத்து நீளம் கேட்டால் 5 என்று சொல்லும், புள்ளியையும் துணைக்காலையும் தனியாக எண்ணுவதால். மூன்று எழுத்து என்று சரியாகப் பிரித்துத் தருவது முத்து அண்ணாமலை தொடங்கி, தன்னார்வலர்கள் வளர்த்துவரும் ஓப்பன்-தமிழ் நூலகம். தமிழ் சார்ந்த கல்லூரிப் புராஜெக்ட்களில் அதை எடுத்துப் போட்டு மதிப்பெண் வாங்கினோம், வாங்கிக் கொடுத்தோம். பிழை கண்டபோது நம் பிரதியில் மட்டும் ஒட்டுப்போட்டுக்கொண்டோம். அவர்களுக்குத் திருப்பி அனுப்ப நேரமில்லை என்றோம். நேரம் இருந்தது.

ஆகவே தம்பிகளே, தங்கைகளே, சக பொறியாளர்களே: இந்த வாரமே உங்கள் புராஜெக்டின் டிபெண்டன்சி மரத்தை எடுத்துப் படியுங்கள். லாக் கோப்பைக் கிட்டில் சேர்த்துவிடுங்கள், மோதல் வந்தால் உட்கார்ந்து தீர்த்துவையுங்கள். மூன்று காப்பிகளை ஒன்றாக்குங்கள், ஸ்னாப்ஷாட்டுக்கு முறையான பதிப்பு எண் கொடுங்கள். நீங்கள் நம்பியிருக்கும் நூலகம் ஒன்றுக்கு ஒரு பிழை அறிக்கையோ ஒரு திருத்தமோ அனுப்புங்கள். பேராசிரியர்கள், இறுதியாண்டு அறிக்கையில் எதையெல்லாம் சார்ந்திருக்கிறோம், அதை யார் பராமரிக்கிறார்கள் என்று ஒரு பக்கம் கேளுங்கள். அந்தப் பக்கம் இல்லாத அறிக்கையில் கையெழுத்துப் போடாதீர்கள்.