மூணு காப்பி இருந்தா அது பேக்கப் ஆகிடுமா? தாம்பரம் மழை கேட்கும் கேள்வி

2015 டிசம்பர் 1-ம் தேதி தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் கொட்டிய மழை 49 செ.மீ. முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் தரைத்தளங்கள் மூழ்கின. அப்படி ஒரு தரைத்தளத்தில் சர்வர் இருந்து, பக்கத்து மேஜையிலேயே பேக்கப் டிஸ்க்கும் இருந்தா? ரெண்டும் சேர்ந்தே போயிருக்கும்.

இன்று ஜிஎஸ்டி சாலையிலிருந்து ஓஎம்ஆர் வரை ஸ்கேன் சென்டர், வீடியோ ஸ்டுடியோ, கல்லூரி என எல்லா இடத்திலும் டேட்டா டெராபைட் கணக்கில் சேருது. இவ்வளவு பெரிய டேட்டாவுக்கு பேக்கப் எடுக்க, பல சர்வர்களை இணைத்து ஒரே டிஸ்க் போலக் காட்டும் 'டிஸ்ட்ரிபியூட்டட் பிளாக் ஸ்டோரேஜ்' ஒரு நல்ல வழி. இதில் பிரபலமானது 'செஃப்' என்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்.

எப்படி வேலை செய்யுது?

டேட்டாவை 4 எம்பி துண்டுகளாக வெட்டி, பல சர்வர்களில் பரப்பி வைக்கும். வழக்கமா ஒவ்வொரு துண்டுக்கும் 3 காப்பி. ஒரு டிஸ்க் செத்தாலும் டேட்டா பிழைக்கும்.

அப்போ இதுவே பேக்கப்தானே?

இல்லை. மெயின் ஃபைல்களையே இதில் வைத்திருந்து, ஒன்றைத் தவறுதலா அழிச்சா 3 காப்பியிலும் அழியும். 3 சர்வரும் ஒரே அறையில் இருந்தா, மூணும் ஒண்ணா மூழ்கும்.

என்ன டியூனிங் செய்யலாம்?

10 டெராபைட்டுக்கு 3 காப்பி என்றால் 30 டெராபைட் இடம் வேணும். '4+2 இரேஷர் கோடிங்' முறையில் 15 போதும். 6 துண்டுகளில் எந்த 2 போனாலும் மீட்கலாம். ஆனால், சின்னச் சின்னதா எழுதினால் இது ரொம்ப மெதுவாகும். அதனால் குட்டி ஃபைல்களை மூட்டை கட்டி, பெரிய துண்டுகளாக, பல ஸ்ட்ரீம்களில் ஒரே நேரத்தில் அனுப்பணும். முதல் முறை முழுசா. அடுத்தடுத்து மாறிய பிளாக்குகள் மட்டும்.

இதெல்லாம் பேக்கப் எடுக்கும் வேகம். என் ஆதங்கம் வேற: திரும்ப மீட்கும் நேரத்தை நாம அளக்கிறதே இல்லை. ஒரு ஜிகாபிட் லைனில் 10 டெராபைட்டைத் திரும்பக் கொண்டுவர, முழு வேகத்தில் போனாலே 22 மணி நேரம் ஆகும். குட்டி ஃபைல்கள் லட்சக்கணக்கில் இருந்தா இன்னும் கூடும். அதுவரை ஸ்கேன் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கும் நோயாளிக்கு என்ன பதில் சொல்வோம்?

2017-ல் கிட்லேப் நிறுவனத்தில் டேட்டாபேஸ் தவறுதலா அழிந்தபோது, வைத்திருந்த 5 பாதுகாப்பு வழிகளும் சரியா கைகொடுக்கலை. 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் டேஜான் அரசு டேட்டா சென்டரில் தீப்பிடித்தபோது, அரசு ஊழியர்களின் 'ஜி-டிரைவ்' ஃபைல்கள் 858 டெராபைட் போயிடுச்சு. வெளியே பேக்கப் இல்லை. சொல்லப்பட்ட காரணம்? அளவு ரொம்பப் பெரிசாம்!

'இன்னொரு இடத்தில் வைக்க செலவாகுமே' என்பது நியாயமான கேள்வி. எல்லாத்தையும் வைக்க வேண்டாம். திரும்ப உருவாக்கவே முடியாத ஃபைல்களை மட்டும் முதலில் வேறு ஊரில் வைங்க.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாடி கால்வாய் தூர்வாரினாங்களான்னு கேட்கிறோம் இல்லையா? அதே செப்டம்பரில் ஒருநாள், பேக்கப்பிலிருந்து ஒரு ஃபோல்டரை மீட்டுப் பாருங்க, கையில் ஸ்டாப்வாட்ச்சோட. அந்த ஃபோல்டர் திறக்கலைன்னா, உங்ககிட்ட பேக்கப் இல்லை.