இடைத்தேர்தல் வெற்றி ஃபார்ம் ஆகிவிடாது

2025 பிப்ரவரி 8 அன்று நான் ஆதரிக்கும் இரண்டு தரப்பும் ஜெயித்தன. ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலில் திமுகவின் வி.சி. சந்திரகுமார் 91,558 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அதே நாளில் கொல்கத்தாவில் சென்னையின் எஃப்சி, ஈஸ்ட் பெங்காலை 3-0 என்று வீழ்த்தியது. மணப்பாறையில் உட்கார்ந்துகொண்டு சென்னையின் எஃப்சிக்காகக் கத்துகிற ஆட்கள் அதிகம் இல்லை. இருக்கிற சிலருக்கு அது நல்ல நாள்.

ஒரு மாதம் ஓடியது. 2024-25 ஐஎஸ்எல் லீக் சுற்று முடிந்து பார்த்தபோது, 13 அணிகளில் நாங்கள் 11ஆவது இடம். அந்த 3-0ஐக் காட்டி “அணி ஃபார்முக்கு வந்துவிட்டது” என்று இப்போது யாராவது சொன்னால், எங்கள் ரசிகர்களே சிரிப்பார்கள். ஆனால் அந்த 91,558ஐக் காட்டி “சமூகநீதி ஆட்சிக்கு மக்கள் தந்த சான்றிதழ்” என்று எழுதினால், நம் தோழர்கள் வரிசையாகப் பகிர்கிறார்கள். கால்பந்தில் நமக்கு இருக்கும் நிதானம் அரசியலில் ஏன் இல்லை?

முதலில் ஈரோட்டில் எதிரே யார் ஆடினார்கள் என்று பாருங்கள். அதிமுக வரவில்லை. பாஜகவும் வரவில்லை. 2024 ஜூலையில் நடந்த விக்கிரவாண்டி இடைத்தேர்தலையும் அதிமுக புறக்கணித்திருந்தது. இது அவர்கள் மட்டும் செய்வதும் இல்லை. 2012 புதுக்கோட்டை இடைத்தேர்தலையும், 2015இல் ஜெயலலிதா நின்ற ஆர்.கே. நகர் இடைத்தேர்தலையும் திமுக புறக்கணித்தது. எந்தப் பக்கம் இருந்தாலும் சொல்லும் காரணம் ஒன்றுதான்: ஆளுங்கட்சி பணத்தையும் அதிகாரத்தையும் இறக்குகிறது, நியாயமான போட்டி நடக்காது.

2023 மார்ச் 2 அன்று ஈரோடு கிழக்கின் முந்தைய இடைத்தேர்தல் முடிவு வந்தது. மறுநாள் பெங்களூரில் ஐஎஸ்எல் பிளே-ஆஃப். சுனில் சேத்ரி அடித்த ஃப்ரீ கிக் கோலை ஏற்க மறுத்து, கேரளா பிளாஸ்டர்ஸ் அணி ஆட்டத்தின் பாதியிலேயே மைதானத்தை விட்டு வெளியேறியது. பெங்களூருக்கு வெற்றி, கேரளாவுக்கு 4 கோடி ரூபாய் அபராதம். கால்பந்தில் களத்தை விட்டுப் போனால் விலை கொடுக்க வேண்டும். அரசியலில் போகிற கட்சிக்கு ஒரு நஷ்டமும் இல்லை. விலை கொடுப்பது அந்தத் தொகுதி மக்கள். கேள்வி கேட்க ஆள் இல்லாத தேர்தல் அவர்கள் தலையில் விழுகிறது.

அடுத்தது சொந்த மைதானம். இடைத்தேர்தலில் ஆளுங்கட்சிதான் எப்போதும் ஹோம் டீம். அமைச்சர்கள் தெருத்தெருவாக இறங்குவார்கள். ரோடு வரும், பைப்பில் தண்ணீர் வரும். காலனிப் பக்கம் எட்டிப் பார்க்காத கார்கள் காலனிக்குள் வரும். 2009 ஜனவரியில் நடந்த இடைத்தேர்தல், ‘திருமங்கலம் ஃபார்முலா’ என்ற சொல்லையே தமிழுக்குத் தந்தது. 2023 ஈரோட்டில் வாக்காளர்களைப் பந்தல்களில் கொண்டுபோய் உட்கார வைத்ததாகவும், ‘பட்டியில் அடைக்கிறார்கள்’ என்றும் எதிர்க்கட்சிகள் குற்றம் சாட்டின. எங்கள் மணப்பாறை மாட்டுச் சந்தைக்குப் பேர் போன ஊர். சந்தையில் துண்டுக்குள் கைவிட்டு, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். படியவில்லை என்றால் மாட்டை ஓட்டிக்கொண்டு வீடு திரும்பலாம். இடைத்தேர்தலில் அந்தப் பேரமும் கிடையாது. கவரில் எவ்வளவு என்பதை அவர்களே முடிவு செய்துகொண்டு வருகிறார்கள்.

ஹோம் டீம் பெறும் வெற்றிக்கு ஆயுள் எவ்வளவு? எங்கள் வட்டாரக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2011 அக்டோபரில் திருச்சி மேற்கு, 2012இல் புதுக்கோட்டை, 2015 பிப்ரவரியில் ஸ்ரீரங்கம் என்று மூன்று இடைத்தேர்தல்கள். மூன்றிலும் ஆண்டுகொண்டிருந்த அதிமுக வென்றது. ஸ்ரீரங்கத்தில் வித்தியாசம் 96,516. ஆனால் 2016 பொதுத்தேர்தலில், மாநிலத்தையே அதிமுக திரும்பப் பிடித்த அதே தேர்தலில், திருச்சி மேற்கும் புதுக்கோட்டையும் திமுகவுக்குப் போயின. ஸ்ரீரங்கம் தப்பித்தது, வித்தியாசம் பெரிதும் சரிந்தது. அதற்கு முன்பு திமுக ஆட்சியிலும் இதே கதைதான். இடைத்தேர்தல்களை வரிசையாக வென்றுவிட்டு, 2011இல் 23 இடங்களோடு நின்றது. திருமங்கலமும் அப்போது கைவிட்டுப் போனது.

ஹோம் டீம் தோற்றதும் உண்டு. இன்றைய மணப்பாறைத் தொகுதிக்குள் இருக்கும் மருங்காபுரி அதற்குச் சாட்சி. 1989 ஜனவரியில் அங்கும் மதுரை கிழக்கிலும் தள்ளிப்போன தேர்தல் மார்ச்சில் நடந்தது. அப்போதுதான் கலைஞர் ஆட்சிக்கு வந்திருந்தார். ஆனாலும், பிளவு நீங்கி இரட்டை இலையை மீட்டிருந்த அதிமுக இரண்டையும் தட்டிச் சென்றது. எதிரணி ஒன்றுபட்டுக் களத்தில் இறங்கினால் என்ன நடக்கும் என்பதற்கு அது ஓர் உதாரணம். எதிரணியே வராத ஆட்டத்தின் ஸ்கோர் நமக்கு எதைச் சொல்லும்?

ஆனால் எங்கள் மாவட்டத்தின் இடைத்தேர்தல் வரலாற்றில் நான் மறக்காமல் வைத்திருப்பது வேறொன்று. ரங்கராஜன் குமாரமங்கலம் மறைந்ததால் 2001 மே மாதம் திருச்சி மக்களவைத் தொகுதிக்கு இடைத்தேர்தல் வந்தது. அது பொதுத் தொகுதி. அதிமுக அங்கே தலித் எழில்மலையை நிறுத்தியது. அவர் வென்றார். பெயரிலேயே தலித் என்று வைத்துக்கொண்ட ஒருவருக்குத் திருச்சியின் எல்லாத் தெருக்களும் வாக்களித்தன. “பொதுத் தொகுதியில் நிறுத்தினால் ஜெயிக்க மாட்டார்” என்ற வாதம் எங்கள் ஊரில் 2001லேயே செத்துவிட்டது. இன்னும் பிணத்தைத் தூக்கிக்கொண்டு அலைவது கட்சிகள்தான். விக்கிரவாண்டியில் தலித் மக்கள் பெருந்தொகையாக வாழ்கிறார்கள். அங்கே திமுக, பாமக இரண்டுமே வன்னியர் வேட்பாளர்களைத்தான் நிறுத்தின. பொதுத் தொகுதி என்றால் அந்த ஊரின் பெரும்பான்மைச் சாதிக்கு எழுதிக் கொடுத்த தொகுதி என்று ஆகிவிட்டது. ஓர் அணியை எடைபோடுகிற ரசிகர் ஸ்கோரைப் பார்ப்பதற்கு முன் யார் யாரைக் களமிறக்குகிறார்கள், யார் எப்போதும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்ப்பார். நாமும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

வியாசர்பாடியைப் பாருங்கள். தலித் மக்களும் உழைக்கும் மக்களும் வாழும் அந்தப் பகுதி பந்தோடுதான் வளர்கிறது. 2018இல் சென்னையின் எஃப்சி இரண்டாவது முறை கோப்பை வென்றபோது நடுக்களத்தில் நின்ற தனபால் கணேஷ் அங்கிருந்து வந்தவர். திறமை எந்தத் தெருவிலும் பிறக்கும் என்பதை மைதானம் ஒப்புக்கொள்கிறது. வேட்பாளர் பட்டியல் ஒப்புக்கொள்ள மறுக்கிறது.

ஈரோட்டில் எஞ்சி நின்ற எதிரணியையும் பேச வேண்டும். 2023 இடைத்தேர்தலில் அருந்ததியர் மக்களைப் பற்றிப் பேசிய பேச்சுக்காகச் சீமான் மீது வழக்குப் பதிவானது. 2025 இடைத்தேர்தலை ஒட்டி, பெரியார் பிறந்த ஊரிலேயே பெரியார் மீது வசைமழை பொழிந்தார். நாம் தமிழர் வேட்பாளர் வைப்புத்தொகையை இழந்ததும் நாமெல்லாம் கொண்டாடினோம். கொண்டாட வேண்டியதுதான். ஆனால் எண்ணையும் பாருங்கள்: 2023இல் 10,827, 2025இல் 24,151. மற்றவர்கள் விட்டுப் போன இடம் காலியாக இருக்கவில்லை. சாதிப் பெருமையை இனப் பெருமையாக மாற்றி விற்பவர்கள் அங்கே வந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

சரி, நம் தரப்பின் உண்மையான ஃபார்மை எங்கே பார்ப்பது? வெளியூர் ஆட்டங்களில். கைதட்ட ஆள் இல்லாத, ஓட்டுக் கணக்கு எதிராகப் போகக்கூடிய இடங்களில். எங்கள் பக்கத்து மாவட்டத்தில் இருக்கிறது வேங்கைவயல். தலித் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்தது 2022 டிசம்பரில் தெரியவந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, ஈரோட்டு வாக்குப்பதிவுக்கு இரண்டு வாரம் இருக்கையில், பாதிக்கப்பட்ட அதே சமூகத்தின் மூன்று இளைஞர்கள் மீது சிபிசிஐடி குற்றப்பத்திரிகை தாக்கல் செய்த செய்தி வந்தது. கூட்டணிக் கட்சிகளான விசிகவும் சிபிஎம்மும் அதை ஏற்காமல் சிபிஐ விசாரணை கேட்டன. கேட்டுக்கொண்டே ஈரோட்டில் உதயசூரியனை ஆதரித்தன. ஆணவக்கொலைக்குத் தனிச்சட்டம் வேண்டும் என்பது பல ஆண்டுக் கோரிக்கை. 2025 தொடக்கம் வரை சட்டம் வரவில்லை. இவையெல்லாம் தோற்ற ஆட்டங்கள். இடைத்தேர்தல் வெற்றி இவற்றின் புள்ளியை மாற்றாது.

“2009இல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு தந்தது யார்? அனைத்துச் சாதியினரையும் அர்ச்சகராக்கியது யார்?” என்று கேட்பீர்கள். அவை எல்லாம் கோப்பைகள். அலமாரியில் பெருமையோடு இருக்கட்டும். எங்கள் அணியும் 2018இல் சாம்பியன். அடுத்த சீசனில் கடைசி இடம். 2019-20இல் ஓவன் காய்ல் வந்து அடிமட்டத்திலிருந்து இறுதிப் போட்டி வரை தூக்கிச் சென்றார். அதே காய்ல்தான் 2024-25 சீசனிலும் பயிற்சியாளர், நாங்கள் 11ஆவது. பழைய கோப்பைக்குப் புதிய சீசனில் ஒரு புள்ளிகூடக் கிடையாது.

இதைச் சொன்னால் “அப்போ எதிரணிக்குப் போடச் சொல்றியா?” என்று சண்டைக்கு வருகிறார்கள். கால்பந்து தெரிந்தவர் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார். 11ஆவது இடத்தில் இருந்தாலும் நான் பிளாஸ்டர்ஸ் சட்டை போடப் போவதில்லை. அதே சமயம், பந்தைப் பின்னாலேயே தட்டிக்கொண்டிருக்கும் அணியைப் பார்த்துச் சும்மா இருக்கப் போவதும் இல்லை. அணியை நேசிப்பவர்தான் காலரியிலிருந்து திட்டுகிறார். எதிரணியின் ரசிகருக்கு நம் தடுப்பாட்டம் ஓட்டையாக இருந்தால் மகிழ்ச்சி.

பொதுத்தேர்தல் நெருங்கும்போது கூட்டணிப் பேச்சும் தொகுதிப் பங்கீடும் வேகம் பிடிக்கும். முடிவு வந்த பிறகு மீம் போடும் நேரத்தை இப்போதே செலவிடுவோம். எத்தனை பொதுத் தொகுதிகளில் தலித் வேட்பாளர்? வேங்கைவயலுக்கு என்ன பதில்? ஆணவக்கொலைச் சட்டம் எப்போது? இந்த மூன்றையும் உங்கள் ஊர்க் கிளைச் செயலாளரிடம், சட்டமன்ற உறுப்பினரிடம், தலைவரின் பக்கத்தில் கேளுங்கள். பட்டியல் வெளியான பிறகு கேட்டால் காலம் கடந்துவிடும்.