எல்லோரையும் விற்றுவிட்டால் யுனைடெட் ஜெயித்துவிடுமா?

சீசன் முடிந்த மறுநாளே மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர் கையில் ஒரு பட்டியல் தயாராகிவிடுகிறது. யாரை விற்பது, யாரை வாங்குவது, யாரை வீட்டுக்கு அனுப்புவது என்று நீளும் பட்டியல். மான்செஸ்டரில் மட்டுமல்ல, சென்னையிலும் கோலாலம்பூரிலும் டீக்கடையில் உட்கார்ந்தபடி அணியை அடியோடு மாற்றி அமைக்கிறவர்கள் உண்டு.

2025 கோடையில் கோபம் அதிகமாக இருந்தது. அதில் நியாயமும் உண்டு. 2024-25 ப்ரீமியர் லீக்கில் 38 ஆட்டங்களில் 11 வெற்றி, 9 டிரா, 18 தோல்வி. வெறும் 42 புள்ளி. 20 அணிகளில் 15-வது இடம். 1974-ல் இரண்டாம் டிவிஷனுக்கு இறக்கப்பட்ட பிறகு லீக்கில் யுனைடெட் இவ்வளவு கீழே போனதே இல்லை. மே 21 அன்று பில்பாவோவில் யூரோப்பா லீக் இறுதி ஆட்டம். எதிரணியான டாட்டன்ஹாம் லீக்கில் 17-வது இடத்தில் முடித்த அணி. அதனிடமும் 0-1 என்று தோற்றாயிற்று. அதனால் 2025-26 சீசனில் ஐரோப்பியப் போட்டி எதுவும் இல்லாமல் போயிற்று.

போதாக்குறைக்கு, பரம எதிரியான லிவர்பூல் இதே சீசனில் 20-வது லீக் பட்டத்தை வென்று யுனைடெட்டின் கணக்கைச் சமன் செய்துவிட்டது. சீசன் முடிந்த மூன்றாம் நாள் கோலாலம்பூருக்குப் போய் ஆசியான் ஆல்ஸ்டார்ஸ் அணியிடமும் 0-1 என்று தோற்றபோது, காசு கொடுத்துப் பார்க்க வந்தவர்களே கூச்சல் போட்டார்கள்.

சரி, ரசிகரின் பட்டியலை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் யோசனை: எல்லோரையும் விற்றுவிடு!

கேட்கச் சுகமாக இருக்கிறது. ஆனால் கால்பந்துக் கணக்கு வேறு மாதிரி. ஒரு வீரரை 8 கோடி பவுண்டுக்கு ஐந்து வருட ஒப்பந்தத்தில் வாங்கினால், கணக்குப் புத்தகத்தில் வருடத்துக்கு 1.6 கோடி என்று பிரித்து எழுதுவார்கள். மூன்று வருடம் கழித்து அவர் பெயரில் இன்னும் 3.2 கோடி பாக்கி இருக்கும். அப்போது 2 கோடிக்கு விற்றால் 1.2 கோடி நஷ்டம் என்றுதான் பதிவாகும். மூன்று வருடங்களில் மொத்த நஷ்டம் 10.5 கோடி பவுண்டைத் தாண்டக் கூடாது என்பது 2024-25 சீசனில் லீக்கின் விதியாக இருந்தது. தாண்டினால் புள்ளிகளை வெட்ட முடிந்தது.

அதனால்தான் விற்க நினைத்தவர்களையும் விற்க முடியவில்லை. சுமார் 8 கோடிக்கு மேல் கொடுத்து வாங்கிய ஆண்டனி, இரவலாக ரியல் பெட்டிஸ் போனார். 7.3 கோடிக்கு வந்த ஜேடன் சான்சோ, செல்சீக்கு இரவல். மார்கஸ் ராஷ்ஃபோர்டு, ஆஸ்டன் வில்லாவுக்கு இரவல். யுனைடெட் தரும் சம்பளத்தை வேறு கிளப்புகள் அவ்வளவு சுலபமாகத் தருவதில்லை.

ஆனால் கிளப்பின் சொந்த அகாடமியில் வளர்ந்த பையனை விற்றால் வந்த பணம் முழுவதும் லாபம். ஏனென்றால் அவரை யாரும் விலை கொடுத்து வாங்கவில்லை. எனவே விற்க வேண்டியவர் தங்கிவிட, வளர்த்த பிள்ளை வெளியேறுகிறார். ஸ்காட் மெக்டாமினே அப்படித்தான் போனார். சிறுவயதிலிருந்து யுனைடெட்டில் வளர்ந்தவரை 2024 ஆகஸ்டில் சுமார் 2.5 கோடி பவுண்டுக்கு நாப்போலி வாங்கியது. அடுத்த மே மாதம் நாப்போலி இத்தாலியச் சாம்பியன். அந்த லீக்கின் சிறந்த வீரர் விருது மெக்டாமினேவுக்கு!

விற்றது மோசமான ஆட்டக்காரரையா, அல்லது நல்ல ஆட்டக்காரரைச் சரியாகப் பயன்படுத்தத் தெரியாத கிளப்பா? பட்டியல் போடும் ரசிகர் முதலில் யோசிக்க வேண்டிய இடம் இது.

இரண்டாம் யோசனை: கோச்சை மாற்று!

அதைத்தான் பல வருடங்களாகச் செய்துகொண்டிருக்கிறார்கள். 2013-ல் அலெக்ஸ் ஃபெர்குசன் ஓய்வு பெற்ற பிறகு டேவிட் மோயஸ், லூயிஸ் வான் கால், ஜோசே மொரின்யோ, ஓலே குன்னர் சோல்ஷேர், தற்காலிகமாக ரால்ஃப் ராங்னிக், எரிக் டென் ஹாக், பிறகு ரூபென் அமோரிம். கோப்பைகள் சில வந்தன. லீக் பட்டம் மட்டும் வரவே இல்லை.

2024 ஜூலையில் டென் ஹாக்கின் ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள். அக்டோபரில் அவரையே நீக்கினார்கள். வீரர்களைத் தேர்வு செய்யும் பொறுப்புக்கு நியூகாசிலுக்கு நஷ்டஈடு கொடுத்து டேன் ஆஷ்வொர்த்தை அழைத்து வந்தார்கள். ஐந்தே மாதத்தில் அவரும் கிளம்பினார். இந்த இரண்டு வெளியேற்றங்களுக்கும், டென் ஹாக்கின் உதவியாளர்களுக்கும் சேர்த்து ஆன செலவு 1.45 கோடி பவுண்டு.

சீசன் நடுவில் வந்த அமோரிம் ஆடவைத்தது 3-4-3 முறை. அதில் பின்னால் மூன்று தடுப்பாட்டக்காரர்கள், இரு ஓரங்களிலும் ஓடிக்கொண்டே இருக்கும் விங்பேக்குகள் வேண்டும். கையில் இருந்ததோ நான்கு பேர் தடுப்பு வரிசைக்காக வாங்கிய அணி. இட்லித் தட்டை வாங்கி வைத்துவிட்டு தோசை வார்க்கச் சொன்னால் சமையல்காரர் என்ன செய்வார்?

ஃபெர்குசனும் 1986 நவம்பரில் வந்து, முதல் கோப்பையை 1990-ல்தான் தொட்டார். அந்த சீசனில் லீக்கில் 13-வது இடம். லீக் பட்டம் வந்தது 1993-ல். 'பொறுமையாக இருங்கள்' என்பவர்கள் இந்தக் கதையைத்தான் சொல்வார்கள். ஆனால் அந்த வருடங்களில் அவர் சும்மா காத்திருக்கவில்லை. இளம் வீரர்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் ஏற்பாட்டையே புதிதாகக் கட்டினார். பெக்கம், ஸ்கோல்ஸ், கேரி நெவில் எல்லாம் அதில் வந்தவர்கள். வேலை நடக்கிறது என்றால் பொறுக்கலாம். வேலையே நடக்காத இடத்தில் பொறுமைக்கு அர்த்தமில்லை.

மூன்றாம் யோசனை: பெரிய ஸ்ட்ரைக்கரை வாங்கு!

தேவை உண்மைதான். 38 ஆட்டங்களில் 44 கோல். ஸ்ட்ரைக்கர் ராஸ்முஸ் ஹொய்லண்ட் லீக்கில் அடித்தது 4. ஜோஷுவா சிர்க்ஸீ 3. அணியில் அதிகம் அடித்த புரூனோ ஃபெர்னாண்டஸும் அமாட் தியாலோவும் ஆளுக்கு 8. இருவருமே ஸ்ட்ரைக்கர்கள் இல்லை.

ஆனால் 'பெரிய' என்ற வார்த்தையில்தான் வம்பே இருக்கிறது. 2014-ல் ஆங்கெல் டி மரியா வந்தார். ஒரே வருடத்தில் நஷ்டத்துக்கு விற்றார்கள். 2012-ல் விட்டுக்கொடுத்த போக்பாவை 2016-ல் 8.9 கோடிக்குத் திரும்ப வாங்கினார்கள். 2022-ல் காசு வாங்காமல் அனுப்பினார்கள். ஒவ்வொரு பெரிய பெயர் வந்தபோதும் கைதட்டி வரவேற்றவர் இதே ரசிகர்தான். எந்த இடத்தில் ஆடவைக்கப் போகிறீர்கள் என்று அன்று யாரும் கேட்கவில்லை. 2024-25 சாம்பியனான லிவர்பூலுக்கு 2024 கோடையில் புதிதாக ஆடவந்தவர் கியேசா ஒருவர் மட்டுமே.

நான்காம் யோசனை: முதலாளியை மாற்று!

இங்கே ரசிகரின் கோபம் சரியான இலக்கைத் தொடுகிறது. 2005-ல் கிளேசர் குடும்பம் கடன் வாங்கி கிளப்பை வாங்கி, அந்தக் கடனை கிளப்பின் தலையிலேயே ஏற்றியது. 2024 பிப்ரவரியில் ஜிம் ராட்கிளிஃப் கால் பங்குக்கு மேல் வாங்கி, கால்பந்துப் பொறுப்பை எடுத்துக்கொண்டார். பிறகு சிக்கனம் தொடங்கியது. முதலில் 250 பேருக்கு வேலை போனது; அடுத்து மேலும் 200 பேர் வரை என்ற அறிவிப்பு வந்தது. ஓல்ட் டிராஃபோர்டு ஊழியர்களுக்கு இருந்த இலவச மதியச் சாப்பாட்டை நிறுத்தினார்கள். சீசன் நடுவில், மிச்சமிருந்த டிக்கெட்டுகளுக்கு 66 பவுண்டு என்று ஒரே விலை வைத்தார்கள். குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் சலுகை கிடையாது.

தப்பான ஒப்பந்தங்களில் கோடிகள் போயின. அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் சமையலறை ஊழியரும், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஆட்டம் பார்க்க வந்த அப்பாவும். அணி தோற்பதை ரசிகர் தாங்கிக்கொள்வார். இதைத் தாங்கிக்கொள்ளச் சொல்வது நியாயமில்லை.

வரிசையைத் திருப்பிப் போடுங்கள்

பட்டியலில் உள்ள ஆட்கள் முக்கியம்தான். அதைவிட முக்கியம், முடிவெடுக்கும் வரிசை. யுனைடெட் எப்படி ஆடும் என்பதை முதலில் கிளப் தீர்மானிக்க வேண்டும். அதற்குப் பொருந்தும் கோச் இரண்டாவது. அந்த ஆட்டத்துக்கு ஏற்ற வீரர், வயதும் சம்பளமும் பார்த்து, மூன்றாவது. இந்த வரிசை இருந்தால், நாளை கோச் மாறினாலும் வாங்கிய வீரர் வீணாக மாட்டார். இதுவரை நடந்தது தலைகீழ். கோச் வருவார், தனக்குப் பிடித்தவர்களைக் கேட்பார், போய்விடுவார். அவர்களின் சம்பளச் சுமை மட்டும் தங்கிவிடும்.

அகாடமியில் வளர்ந்த பிள்ளைகளைக் கணக்கு நேர்செய்யும் சரக்காகப் பார்ப்பதும் நிற்க வேண்டும். 1937 அக்டோபரிலிருந்து இன்றுவரை, அகாடமி வீரர் ஒருவர்கூட இடம்பெறாத அணியோடு யுனைடெட் ஓர் ஆட்டத்துக்குக்கூடப் போனதில்லை. பட்டம் இல்லாத வருடங்களிலும் ரசிகர் பெருமையாகச் சொல்லிக்கொள்ள மிஞ்சியிருப்பது அதுதான்.

ஐரோப்பா இல்லாத சீசனில் ஒரு லாபமும் இருக்கிறது. பெரும்பாலும் வாரம் ஓர் ஆட்டம்தான். பயிற்சிக்கு நேரம் நிறையக் கிடைக்கும். 2015-16-ல் 10-வது இடத்துக்குச் சரிந்த செல்சீ, ஐரோப்பியப் போட்டி இல்லாத அடுத்த சீசனிலேயே அன்டோனியோ கோன்டேயின் கீழ் சாம்பியன் ஆனது. அங்கேயும் 3-4-3 முறைதான். அந்த முறைக்கு ஆட்கள் பொருந்தினார்கள் என்பதுதான் வித்தியாசம்.

அதனால் இந்தக் கோடையில் விமான நிலையத்தில் புது வீரர் கையசைக்கும் படம் வந்தால், ரசிகர் 'எவ்வளவு பெரிய ஆள்!' என்று வியப்பதோடு நிறுத்த வேண்டாம். 'இவருக்கு என்ன வேலை? அந்த வேலை அடுத்த வருடமும் இருக்குமா?' என்று கேட்கட்டும். கிளப்பிடம் அதற்குத் தெளிவான பதில் இருக்கிறதா என்பது ஆகஸ்ட் முதல் மைதானத்தில் தெரிந்துவிடும்.