மங்கள இசை வாசிப்பவருக்குப் பெயர் கிடையாதா?

நம்மூர் சமுதாயக் கூடத்து நவராத்திரி விழா நோட்டீஸ் வீடு வீடாக வந்து சேர்ந்திருக்கிறது. வழவழப்பான தாள், நாலு வர்ணம். ஒன்பது நாள், ஒன்பது நிகழ்ச்சி. பாடகர்களின் பெயர் கொட்டை எழுத்தில். பக்கவாத்தியக்காரர்கள் பெயர் அதற்குக் கீழே. பின்பக்கம் முழுக்க உபயதாரர்கள். பந்தலும் மைக் செட்டும் போட்டவர் பெயர்கூட மறக்காமல் இருக்கிறது. சந்தோஷம்.

ஆனால் ஒன்பது நாளும் மாலை 5 மணிக்கு நேராக ஒரே ஒரு வரி: "மங்கள இசை". வாசிப்பது யார்? பெயர் இல்லை. நாகஸ்வரம் தானாகவே ஊதிக்கொள்ளுமா? தவில் தன்னைத் தானே அடித்துக்கொள்ளுமா?

போன வருஷமும் இதே கதைதான், அதற்கு முந்தின வருஷமும் இதேதான். தபால் இலாகாவில் 36 வருஷம் விலாசம் பார்த்தே பழகிய கண், பேர் இல்லாத கடிதத்தைக் கண்டால் சும்மா விடாது. அதனால் இதை எழுதுகிறேன்.

5 மணிக்கு அங்கே என்ன நடக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். நாற்காலி போடுகிற சத்தம். "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று ஒருவர். கொலுப்படிக்கு சீரியல் லைட் கட்ட ஒரு பையன் ஏணியோடு குறுக்கே போகிறான். அதற்கு நடுவே ஒரு மூலையில் உட்கார்ந்து வித்வான் ராகம் வாசிக்கிறார். ஆலாபனை சூடு பிடிக்கிற சமயத்தில் கமிட்டிக்காரர் ஒருவர் வந்து கையைக் காட்டுகிறார். சிறப்பு விருந்தினர் கார் வந்துவிட்டதாம். உடனே கெட்டிமேளம், மங்களம், முடிந்தது. கூட்டம் சேருகிற வரைக்கும் அடிக்கிற மணியா அது?

இது எந்த ஊரில் நடக்கிறது என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. திருவாவடுதுறை நமக்குப் பக்கத்து ஊர் மாதிரி. டி.என். ராஜரத்தினம் பிள்ளை வாழ்ந்த மண். அவர் காலத்துக்கு முன்னால் நாகஸ்வரக்காரர் என்றால் நின்றுகொண்டே வாசிக்க வேண்டும்; துண்டைத் தோளில் போடக்கூடாது, இடுப்பில் கட்ட வேண்டும். அவர் அதற்கெல்லாம் பணியவில்லை. பாட்டுக்காரருக்குச் சமமாக மேடையில் உட்கார்ந்து வாசிப்பேன் என்று நின்று சாதித்தார். 1956-ல் அவர் காலமானார். இத்தனை வருஷம் கழித்து அவர் வாங்கித் தந்த மேடையை நாம் சத்தமில்லாமல் பிடுங்கி, மூலையில் ஒரு ஜமுக்காளத்தை விரித்துக் கொடுத்திருக்கிறோம்.

அந்த வாத்தியம் பிறக்கிற இடமும் தூரமில்லை. நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில், அதுவும் பழைய வீடுகளில் பல காலம் உத்தரமாகக் கிடந்து பதப்பட்ட மரத்தில், கடைந்தெடுக்கிறார்கள். 2022-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது நம்மில் எத்தனை பேர் வாட்ஸ்அப்பில் பெருமையாக அனுப்பினோம்! மரத்துக்கும் ஊருக்கும் பெருமை. ஊதுகிறவருக்கு ஒரு வரி அச்சில் இடமில்லை.

கமிட்டியில் கேட்டுப் பார்த்தேன். மூன்று பதில் வந்தது.

முதல் பதில்: "மூடின ஹாலில் நாகஸ்வரம் காதைத் துளைக்கும் சார்." துளைப்பது நாகஸ்வரம் அல்ல, அதன் வாயில் கொண்டுபோய் வைக்கிற மைக். சுவாமி புறப்பாட்டில் நாலு வீதிக்கும் கேட்பதற்கென்று உண்டான வாத்தியம் அது. மைக்கை எடுங்கள். கூடத்துக்குப் பின்னால் இருக்கிற திடலில் நாற்காலி போடுங்கள். செலவும் மிச்சம்.

இரண்டாவது: "கூட்டம் வராது." 6 மணிக்கு மேல் ஒரு நாளாவது வாசிக்க விட்டால்தானே வருமா வராதா என்று தெரியும்? 'கொஞ்சும் சலங்கை'யில் காருகுறிச்சி அருணாசலத்தின் வாசிப்பையும், 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் சேதுராமன்–பொன்னுசாமி சகோதரர்களின் வாசிப்பையும் கேட்டு வளர்ந்தவர்கள்தான் இந்த ஊரில் பாதிப் பேர். சிவாஜி ஊதினால் விசில் அடித்தவர்களுக்கு, நிஜமாக ஊதுகிறவரைக் கேட்கப் பொறுமை இருக்காதா?

மூன்றாவது: "நம்மூர்க்காரர்தானே, கோவித்துக்கொள்ள மாட்டார்." இதுதான் என் கோபத்தின் வேர். நம்மூர்க்காரர் என்றால் பெயர் வேண்டாமா? கோவித்துக்கொள்ளாதவரை எப்படி வேண்டுமானாலும் நடத்தலாமா? வெளியூர்ப் பாடகருக்குத் தருவதில் ஒரு சிறு பங்குதான் மேளத்துக்கு. அதையும் இரண்டு நாகஸ்வரம், இரண்டு தவில், தாளம் என்று ஐந்து பேர் பிரித்துக்கொள்ள வேண்டும். இதே கமிட்டி விருந்தினரை வரவேற்கச் செண்டை மேளத்தை வெளியூரிலிருந்து வேன் வைத்து அழைத்து வருகிறது. செண்டை நல்ல வாத்தியம், நான் குறை சொல்லவில்லை. அதற்கு வேன் கிடைக்கும்போது, நம் தவிலுக்கு மரியாதை ஏன் கிடைக்கவில்லை என்றுதான் கேட்கிறேன்.

பலன் கண்முன்னே இருக்கிறது. அப்பா வாசிக்கிற மேளத்தில் பிள்ளை இல்லை. பையன் திருப்பூருக்கோ சென்னைக்கோ போய்விட்டான். அவனைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. அப்பா பெயரை ஊர் நோட்டீஸில் ஒரு முறைகூடப் பார்க்காத பையன், எதை நம்பிச் சீவாளியை வாயில் வைப்பான்?

நான் கேட்பது பெரிய காரியமில்லை. ஒன்பது நாளில் ஒரு நாள், மாலை 6.30-லிருந்து 9 மணி வரை, நாகஸ்வரம் மட்டும். கம்பீர நாட்டையில் மல்லாரி தொடங்கி, ஒரு ராகத்தை ஆற அமர விஸ்தாரமாக வாசித்து, தனித்தவிலும் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போவோம். அன்றைக்குப் பொன்னாடை, பேச்சு எதுவும் வேண்டாம். மற்றக் கலைஞருக்குத் தருகிற அதே சம்பாவனை. மாவட்ட அரசு இசைப்பள்ளியில் நாகஸ்வரமும் தவிலும் படிக்கிற பிள்ளைகளை அழைத்து முன்வரிசையில் உட்கார வையுங்கள். மற்ற எட்டு நாளும் 5 மணிக்கு வாசிப்பவர்களின் பெயரை, தவில்காரர் உள்பட, முழுசாக அச்சடியுங்கள். மை ஒன்றும் தீர்ந்துவிடாது.

நண்பர்களே, வசூல் நோட்டுப் புத்தகம் உங்கள் வீட்டுக்கும் வரும். பணம் கொடுக்கும்போது இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "5 மணிக்கு வாசிப்பது யார்?" நான் கேட்டுவிட்டேன். என் பங்கு 1,000 ரூபாயைத் தனியாக ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன். பெயர் அச்சான நோட்டீஸைக் கொண்டு வந்தால் அன்றைக்கே கொடுத்துவிடுவேன்.