அழ வைக்கும் படம் நமக்கு எதற்கு?



"படம் பார்க்கிறதே ரெண்டு மணி நேரம் கவலையை மறக்கத்தானே? அங்கேயும் போய் அழணுமா?" கனமான படங்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே நம்மில் பலர் கேட்கும் கேள்வி இது. விடியற்காலையில் எழுந்து, பால் காய்ச்சி, டிபன் கட்டி, துணி துவைத்து, பாத்திரம் கழுவி ஓய்ந்து உட்காரும் பெண்மணி, "சிரிக்கிற மாதிரி ஏதாவது போடுங்களேன்" என்று சொல்வதில் தப்பே இல்லை. நானும் வடிவேலு காமெடியைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரிக்கிறவள்தான். ஆனால், "கஷ்டமான படமெல்லாம் குடும்பப் பெண்களுக்கு ஆகாது" என்று ஒரு முடிவே கட்டி வைத்திருக்கிறோமே, அது சரிதானா?

அழுகை வேண்டாம் என்று சொல்லும் நாம், சாயங்காலம் விளக்கேற்றியதிலிருந்து ராத்திரி சாப்பாடு வரைக்கும் டி.வி.யில் எதைப் பார்க்கிறோம்? அழாத சீரியல் ஒன்று உண்டா? சீரியலில் யார் கெட்டவள் என்று முதல் வாரமே தெரிந்துவிடும். கண்ணை உருட்டுகிற நாத்தனாரையோ, விஷம் கலக்கிற ஓரகத்தியையோ நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகலாம். மறுநாளும் அதே அழுகை, அதே திட்டு. நல்ல படம் நம்மை அப்படிச் சுலபமாக விட்டுவிடாது. யாரைத் திட்டுவது என்றே தெரியாமல் உட்கார்ந்திருப்போம். அதுதான் நமக்குக் கஷ்டமாக இருக்கிறது.

பாலு மகேந்திரா எடுத்த "சந்தியா ராகம்" (1989) படத்தைப் பாருங்கள். மனைவியை இழந்த ஒரு கிராமத்துப் பெரியவர், வேறு வழியில்லாமல் பட்டணத்தில் உறவுக்காரப் பையனின் வீட்டுக்கு வருகிறார். சின்ன வீடு. ஒற்றைச் சம்பளம். அளந்து போடும் சோறு. பெரியவராகச் சொக்கலிங்க பாகவதரும், அந்த வீட்டு மருமகளாக அர்ச்சனாவும் நடித்திருக்கிறார்கள். கடைசியில் அவர் முதியோர் இல்லத்துக்குப் போய்ச் சேருகிறார். அந்தப் பெண் கொடுமைக்காரியா? இல்லவே இல்லை. அந்தப் பையன் நன்றி கெட்டவனா? அதுவும் இல்லை. பெரியவர் தொந்தரவு கொடுத்தாரா? பாவம், அவரும் இல்லை. இல்லாமை ஒன்றுதான் எல்லோரையும் படுத்துகிறது. இந்தப் படத்துக்குக் குடும்ப நலனுக்கான தேசிய விருது கிடைத்தது. எங்கள் தெருவில் ஒரு அம்மாள் இந்தப் படத்தைப் பார்த்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதல் வேலையாக ஊரில் தனியாக இருக்கும் தன் பெரியப்பாவுக்குப் போன் போட்டார். "சாப்டீங்களா பெரியப்பா?" என்று கேட்டார். அவ்வளவுதான். எந்த சீரியல் அழுகை நம்மை இப்படி ஒரு போன் போட வைத்திருக்கிறது?

அதே பாலு மகேந்திராவின் "வீடு" (1988) படமும் அப்படித்தான். பாட்டு கிடையாது, சண்டை கிடையாது. வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டதால், சுதா என்ற வேலைக்குப் போகும் பெண், தாத்தாவையும் தங்கையையும் வைத்துக்கொண்டு சொந்தமாக ஒரு வீடு கட்டத் தொடங்குகிறாள். ஒரு மனையை விற்று, கடன் வாங்கி, அனுமதிக்கு அலைந்து, சிமென்ட் திருடும் கான்ட்ராக்டரிடம் ஏமாந்து... வீடு கட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இதெல்லாம் கதையே இல்லை, நம் வீட்டு நடப்பு! அந்தத் திருட்டைக் கண்டுபிடித்துச் சொல்பவள் யார் தெரியுமா? அங்கே மண் சுமக்கும் சித்தாள் மங்கம்மா. பாதி கட்டிய வீட்டை ஆசை ஆசையாகப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் தாத்தாவின் உயிர் போய்விடுகிறது. அந்த இடத்தில் அழாதவர்கள் இருக்க முடியாது. சுதாவாக நடித்த அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருதும், படத்துக்குச் சிறந்த தமிழ்ப் படம் என்ற விருதும் கிடைத்தன. தன் சிறு வயதில் அம்மா ஒரு வீடு கட்டப் பட்ட பாடுதான் இந்தப் படத்துக்கு வித்து என்று 2014-ல் மறைந்த பாலு மகேந்திரா சொல்லியிருக்கிறார். ஒரு அம்மா சிமென்டுக்கும் செங்கல்லுக்கும் பட்ட கவலையை மகன் மறக்காமல் இருந்து படமாக எடுத்தான் என்றால், நமக்கு அது பெருமை இல்லையா?

இன்னொரு புகார், "இந்த மாதிரிப் படமெல்லாம் ரொம்ப ஸ்லோ!" என்பது. ஆமாம், மெதுவாகத்தான் போகும். ஆனால் மெதுவான வேலை நமக்குப் புதுசா தோழிகளே? அரிசியும் உளுந்தும் ஊறப் போட்டு, அரைத்து, ராத்திரி முழுக்கப் பொங்க வைத்து மறுநாள் இட்லி ஊற்றுகிறவர்கள் நாம். வடகம் காயும் வரை வெயிலையும் காக்காயையும் பார்த்துக்கொண்டு உட்காருகிறவர்கள் நாம். பொறுமை இல்லை என்று மற்றவர்கள் சொல்லலாம், நாம் சொல்லலாமா?

பி.எஸ். வினோத்ராஜின் "கூழாங்கல்" (2021) ஒன்றேகால் மணி நேரப் படம்தான். கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்ட மனைவியை அழைத்து வர, பள்ளிக்கூடத்திலிருந்து மகனை இழுத்துக்கொண்டு ஒரு குடிகாரப் புருஷன் கிளம்புகிறான். காய்ந்த பூமியில், கொளுத்தும் வெயிலில் அப்பனும் மகனும் நடக்கிறார்கள், நடக்கிறார்கள், நடந்துகொண்டே இருக்கிறார்கள். கடைசியில் ஒரு காட்சி. ஊற்றுக் குழியில் கசியும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு குடத்தில் ஊற்றுகிறாள் ஒரு பெண். மற்ற பெண்கள் தங்கள் முறைக்காகக் காத்திருக்கிறார்கள். கேமரா அவசரப்படாமல் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. தண்ணீர் லாரிக்குக் குடத்தை வரிசையில் வைத்து நின்றவர்களுக்கு அந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை. தன் சொந்தச் சகோதரி பட்ட பாட்டைப் பார்த்துத்தான் இந்தப் படத்தை எடுத்ததாக இயக்குநர் சொல்லியிருக்கிறார். நெதர்லாந்து நாட்டின் ராட்டர்டாம் பட விழாவில் 2021-ல் இதற்கு முதல் பரிசான டைகர் விருது கிடைத்தது. வெளிநாட்டுக்காரர்கள் உட்கார்ந்து பார்த்த நம் ஊர்ப் பெண்ணின் குடத்தை, நாம் பார்க்காமல் இருந்தால் எப்படி?

"உனக்கெல்லாம் இது புரியாது, பார்த்தா தாங்க மாட்டே" என்று வீட்டு ஆண்கள் சொல்வதும் உண்டு. பிரசவத்துக்குத் துணை நின்றவர்கள், படுத்த படுக்கையாகக் கிடந்த மாமனார் மாமியாருக்கு வருஷக்கணக்கில் பணிவிடை செய்தவர்கள், இழவு வீட்டில் அழுதுகொண்டே பத்துப் பேருக்குக் காப்பி போட்டவர்கள் நாம். நம்மால் தாங்க முடியாதது என்ன இருக்கிறது? "தி கிரேட் இந்தியன் கிச்சன்" (2021) என்ற மலையாளப் படத்தில் சமையலறைத் தொட்டிக் குழாய் ஒழுகிக்கொண்டே இருக்கும். "ப்ளம்பரைக் கூப்பிடுங்க" என்று அந்த மருமகள் திரும்பத் திரும்பச் சொல்வாள், புருஷன் காதில் ஏறாது. இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? பல வீடுகளில் ஆண்கள்தான் அந்தப் படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்து போனார்கள் என்று கேள்வி!

நிஜ வாழ்க்கையில் துக்கம் வரும்போது நமக்கு நின்று அழ நேரம் ஏது? அடுப்பில் சாதம் இருக்கும், வாசலில் விருந்தாளி நிற்பார். விழுங்கிவிட்டு வேலையைப் பார்க்கிறோம். அப்படி விழுங்கி வைத்ததை எல்லாம், யாரோ ஒரு சுதாவுக்காக, யாரோ ஒரு பெரியவருக்காக உட்கார்ந்து அழுது தீர்க்கிறோம். மனசு லேசாகிறது. அழுது முடித்த பிறகு பக்கத்து வீட்டாரின் கஷ்டமும் கொஞ்சம் கூடுதலாகக் கண்ணில் படுகிறது.

அதற்காக அழ வைக்கிற படமெல்லாம் நல்ல படம் என்று சொல்ல மாட்டேன். பெண்ணைப் போட்டு வதைப்பதைக் காட்டிக் காசு பார்க்கும் படங்களும் இருக்கின்றன. அவற்றை ஒதுக்கிவிடுங்கள். வீட்டில் சமீபத்தில் துக்கம் நடந்திருந்தால், மனசு நொந்து போயிருந்தால், யாரையும் கட்டாயப்படுத்தி இந்தப் படங்கள் முன் உட்கார வைக்காதீர்கள். அவர்களுக்கு அப்போது வேண்டியது ஆறுதல்தான்.

மற்றவர்களுக்கு என் யோசனை இதுதான். மாதம் ஒரு படம் போதும். முன்பெல்லாம் ஞாயிறு மத்தியானம் தூர்தர்ஷனில் விருது பெற்ற பிற மொழிப் படங்கள் போடுவார்கள், யார் எதைப் போட்டாலும் பார்த்தோம். இப்போது கைக்குள் இருக்கும் செல்போனிலேயே படம் தேடலாம். பிள்ளைகளிடம் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். மத்தியான வேலை முடிந்ததும், கீரை ஆய்ந்துகொண்டோ துணி மடித்துக்கொண்டோ பார்க்காமல், கையைக் கட்டிக்கொண்டு ராணி மாதிரி உட்கார்ந்து பாருங்கள். மகள், மருமகள், மாமியார் என்று சேர்ந்து பார்த்தால் இன்னும் நல்லது. படம் முடிந்ததும் ஒரு காப்பி போட்டுக்கொண்டு அதைப் பற்றிப் பேசுங்கள். வீட்டுக்குள் நேராகச் சொல்ல முடியாத எத்தனையோ விஷயங்கள், படத்தில் வரும் ஆட்களைச் சாக்கு வைத்தாவது வெளியே வரும்.

என்ன தோழியரே, இந்த மாதம் ஒரு படம் பார்த்துவிட்டு எழுதுவீர்களா?

- ஒரு வாசகி, மயிலாடுதுறை.